செண்பகம் எண்ணிய நானூற்றுப் பன்னிரண்டு பேர்

செண்பகம் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் சிரிக்கிறார்கள். சென்னைச் சாலையோரங்களில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளையும் ஆட்களையும் எண்ணி எழுதிக் கொடுப்பது அவள் தொழில். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. எங்கே மேம்பாலம் கட்டுவது, எதை ஒருவழிப் பாதை ஆக்குவது, எங்கே சிக்னல் வைப்பது என்று முடிவெடுக்கும் முன்னால் ஏதாவது ஒரு கம்பெனி செண்பகத்தைக் கூப்பிடும். அவள் எண்ணிக் கொடுத்ததைக் கணினியில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் தாங்கள் ஏற்கனவே எடுத்து வைத்திருந்த முடிவை மறுபடியும் எடுப்பார்கள். "போறவன் வர்றவன எண்றதுக்குக்கூட ஒரு ஆளு வெச்சிக்கீறானுங்க பாரு," என்பான் அவள் புருஷன் தங்கவேல். அவன் யாரும் பணம் எடுக்க வராத ஓர் ஏடிஎம்முக்குக் காவல் இருக்கிறவன்.

அவளுக்குக் கொடுக்கிற தாளில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வரிசை. காருக்கு ஒரு கட்டம், பைக்குக்கு ஒன்று, பிறகு ஆட்டோ, பஸ், சைக்கிள். கடைசியில், இடம் மிச்சமிருந்தால் இருக்கட்டும் என்பதுபோல, நடப்பவர்களுக்கு ஒன்று. கார் கட்டம் தலைவாழை இலை மாதிரி விரிந்து கிடக்கும். நடப்பவர் கட்டம் ஊறுகாய் வைக்கிற மூலை அளவு. செண்பகம் வலது கையால் பென்சில் கோடு இழுத்துக்கொண்டே இடது கைக் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு ஆட்களை எண்ணுவாள். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு நிறைந்ததும் தாளில் ஏற்றுவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. குழாயடியில் வளர்ந்தவளுக்கு, தனக்கு முன்னால் எத்தனை குடம் என்று பேசிக்கொண்டே எண்ணத் தெரியாதா?

இதே வேலைக்கு வருகிற மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து மனம்போல நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்தக் கம்பெனியும் ஒரு வித்தியாசமும் கண்டுபிடித்ததில்லை. செண்பகத்துக்கு மட்டும் அது ஆகாது. அவள் எழுதிய எண்ணில் பொய் இருந்ததில்லை, அவள் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்ததும் இல்லை. பக்கத்தில் கழிப்பறை கிடையாது என்று தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து எண்ணுகிறவளுக்கு இதற்காக யாரும் மாலை போடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் நியாயம் தானாக வரும் என்று நினைத்திருந்தாள், பாவம்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் அவள். அங்கிருந்து எந்த வேலைக்கும் நடந்தே போய்விடலாம். கரையை அழகாக்க வேண்டும் என்று ஊருக்குத் திடீரென்று ஞானம் வந்தபோது, அவளையும் அந்தச் சனங்களையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து மாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடுதான் போனது, வேலையெல்லாம் பழைய இடத்தில்தான். ஆகவே காலையில் முதல் பஸ் கிளம்பும்போதே நிற்க இடமிருக்காது. ஐந்தே முக்காலுக்கு அது அடையாற்றில் கொண்டுவந்து கொட்டும்போது, அந்தப் பகுதியின் சமையல், துடைப்பம், பாத்திரம், நோயாளி அத்தனைக்குமான கைகள் அதிலிருந்து இறங்கும்.

அந்தப் பஸ்ஸில் செண்பகத்துக்குப் பக்கத்துச் சீட்டு ஜமீலுன்னிசா. ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போன கேஸ். பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே உள்ள தெருவில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட ரகுபதி என்கிற பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவு ஆள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான். அதற்குள் இவள் போய் நிற்க வேண்டும். பெரியவருடைய மகள் மாளவிகா வெளிநாட்டில் இருந்துகொண்டு, சுவரில் மாட்டிய கேமரா வழியாக அப்பாவையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ரோட்டின் நடுவில் நீளும் தடுப்புச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி உண்டு. அதில் புகுந்தால் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஜமீலுன்னிசா வாசலில் நிற்பாள். அந்த இடைவெளிதான் அவளுடைய வேலை.

அந்த வருஷம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நல்ல காலம் பிறந்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றையும் இணைத்து, பத்திரமாக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதைகள் போடப் போகிறார்களாம். அதற்குத் திட்டம் தீட்டுகிற கம்பெனியில் குருபிரசாத் என்று ஒருவர். வெளிநாட்டில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். மயிலாப்பூரில் அவர் வீட்டிலிருந்து கோயில் குளம் கூப்பிடு தூரம். ஆனாலும் தேர் நாள் தவிர அந்தத் தெருவில் அவர் நடந்து பார்த்தவர் இல்லை. சைக்கிள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது காரின் தலைமேல் ஏறி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், அரை மணி நேரம் உருண்டுவிட்டு, மறுபடி காரின் தலைமேல் ஏறி வீடு திரும்பும். மற்றபடி நல்ல பையன். யாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், கையெடுத்துக் கும்பிடுவார்.

தி.நகர் அலுவலகத்தில் எண்ணுகிறவர்களைக் கூட்டி வைத்து, காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து எட்டு என்று குருபிரசாத் நேரம் சொன்னார். செண்பகத்துக்கு விழுந்த இடம் அந்த பஸ் நிறுத்தத்து இடைவெளி.

"அந்த கேப்ப இன்னா சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"அதை டேட்டாதான் சொல்லணும் அக்கா. நிறைய பேர் க்ராஸ் பண்றாங்கன்னா கோடு போட்டு, சிக்னல் வெச்சு ஒழுங்கா பண்ணிக் குடுக்கலாம். யாரும் வரலைன்னா மூடிடலாம்."

"அங்க அஞ்சே முக்கால்லேந்து ஏழே கால் வரைக்கும்தான் சார் ஜனமே. எட்டு மணிக்குப் போய் குந்திக்கினா இன்னாத்த எண்றது?"

"அது பீக் ஹவர் இல்லையே அக்கா."

"யாருக்கு?"

குருபிரசாத் அந்தக் கேள்வியை வெகுவாக ரசித்தார். தன் நோட்டுப் புத்தகத்தில்கூடக் குறித்துக்கொண்டார். நேரத்தை மட்டும் மாற்றவில்லை. மேம்பாலத்துக்காக எண்ணியபோதெல்லாம் விடிகாலையிலேயே ஸ்டூல் போடச் சொன்னவர்கள்தான் இவர்கள். நடக்கிறவன் மட்டும் கார்க்காரன் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் நடக்க வேண்டும் போலிருக்கிறது.

எட்டிலிருந்து பதினொன்றுக்குள் முப்பத்தேழு பேர் கடந்தார்கள். மாலையில், திரும்பும் பஸ் அந்தப் பக்கமே நிற்பதால், அதுவும் இல்லை. செண்பகம் அதை அப்படியே எழுதினாள். முப்பத்தேழு என்றால் மூடிவிடுவார்கள். மறுநாளிலிருந்து மூன்று நாள், எட்டு மணி வேலைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்து, யாரும் கேட்காத கணக்கை அவளாகவே எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றேழு, நானூற்றைந்து. வீட்டு வேலைக்காரப் பெண்கள், பேப்பர்க் கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், ஊரூர் குப்பத்துக்கு மீன் எடுக்கப் போகிற கூடைக்காரிகள் என்று தாளின் பின்பக்கத்தில் தனித்தனியாக எழுதி வைத்தாள்.

"இன்னாமே, எங்களையே எண்ணிக்கினு கீறே?" என்று சைக்கிள்களுக்கு நடுவில் நின்று கேட்டாள் ஜமீலுன்னிசா.

"உங்களுக்குத்தான்க்கா. எண்ணிக் குடுத்துட்டா தீர்ந்துது. சிக்னலு வரும். நீ ராணி மாரி நடந்து போலாம்."

"சிக்னலெல்லாம் வோணாம் செம்பகம். கீற கேப்ப அப்டியே வுட்டா போதும்."

ஜமீலுன்னிசாவுக்கு இருந்த புத்தி செண்பகத்துக்கு அன்றைக்கு இல்லாமல் போனது.

குருபிரசாத் அந்தத் தாளைப் பார்த்து அசந்துவிட்டார். "அக்கா, இது தங்கம்!" என்றார். அவளைப் படம் பிடித்தார், ஸ்டூலோடு. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் அவளை அழைத்தார். நடப்பவர்களின் குறை கேட்கிற அந்தக் கூட்டம், காலை பதினொரு மணிக்கு, தி.நகரின் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்தது. அந்த ஹோட்டலில் கார் நுழைய ஒரு வாசல், கார் வெளியேற ஒரு வாசல். நடந்து வருகிறவனுக்கு வாசல் என்று ஒன்று வைக்க மறந்துவிட்டார்கள். செண்பகம் கார் ஏறுகிற சரிவில் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஏறினாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்து வந்த கார் ஒன்று, கூட்டத்துக்கு வந்த கார்தான். சைக்கிளில் வந்த ஒரே ஒருவரை வாட்ச்மேன் நிறுத்தி, டோக்கன் எழுத வண்டி நம்பர் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே ஏசி குளிரில் கண்ணாடி பாட்டில் தண்ணீர், முந்திரி, வருகைப் பதிவு. பொதுமக்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

முழுக்க ஆங்கிலத்தில் பேசினார்கள். சைக்கிள் பாதைக்கு எந்தப் பச்சை நிறம் பொருத்தம் என்று இரண்டு பேர் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். ஏற்கனவே போட்ட பச்சையின்மேல் இட்லி வண்டியும் நாலு கார்களும் நிற்கிற விஷயம் எந்தப் பக்கத்து வாதத்திலும் வரவில்லை. அப்புறம் சுவரில் அடையாறு வரைபடம் விழுந்தது. அந்த பஸ் நிறுத்தத்தில் பெரிதாகச் சிவப்பு வட்டம். அதற்குள் 412. பக்கத்தில் ஸ்டூலோடு செண்பகத்தின் படம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி ஐயையோ என்று நெற்றியைத் தொட்டுவிட்டு ஏதோ சொன்னார். குருபிரசாத் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். தன் எண் சுவர் முழுக்க நிற்கிறதே என்ற பெருமையில் கண் கலங்கி, செண்பகமும் கைதட்டினாள்.

"சிக்னலு எப்ப சார் வரும்?" என்று வெளியே வரும்போது கேட்டாள்.

"எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு அக்கா," என்றார் குருபிரசாத், போனைப் பார்த்தபடி.

இந்த ஊரில் ஒரு பள்ளத்தை மூட மூன்று மழைக்காலம் தேவைப்படும். இதை மூடப் பத்தே நாள் போதுமானதாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை முதல் பஸ் வந்து நின்றபோது, இடைவெளி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. தடுப்புச் சுவர்மேல் நீளத்துக்கும் அதே வேலி. இறங்கிய கூட்டம் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற சிக்னலை நோக்கி நடந்தார்கள். நடைபாதையில் மின்பெட்டியும் தோண்டிப் போட்ட மண்ணும் நிறுத்தி வைத்த கார்களும் இருந்ததால் ரோட்டிலேயே நடந்தார்கள், பஸ்ஸுக்கும் லாரிக்கும் தோளைக் கொடுத்துக்கொண்டு.

செண்பகம் அங்கிருந்தே குருபிரசாத்துக்குப் போன் போட்டாள். அவர் தூக்கக் கலக்கத்திலும் மரியாதையாகத்தான் பேசினார். "வெளிச்சம் வராத நேரத்துல நானூறு பேர் க்ராஸ் பண்றாங்கன்னா எவ்ளோ டேஞ்சர் அக்கா! யாராவது அடிபட்டா யார் பதில் சொல்றதுன்னு, மீட்டிங்ல முன்னாடி உக்காந்திருந்தாரே, அந்த சார் அங்கயே க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டார். உங்க டேட்டாதான் ரொம்ப பவர்ஃபுல்லா இருந்தது."

"கம்மியா இருந்தாதான மூடுவேன்னீங்க? ஜாஸ்தி இருந்தா சிக்னல்னீங்களே சார்?"

"சிக்னல் அடுத்த கட்டத்துல வரும் அக்கா. இப்ப சேஃப்டி முக்கியம் இல்லையா?"

குறைவாக இருந்தால் தேவையில்லை என்று மூடுவார்கள். அதிகமாக இருந்தால் ஆபத்து என்று மூடுவார்கள். பத்தொன்பது வருஷம் ரோட்டில் உட்கார்ந்தவளுக்கு இது அன்றைக்குத்தான் விளங்கியது. தன்னை நினைத்தே அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாருக்கும் தெரியாமல் இருட்டோடு இருட்டாக நுழைந்து பிழைத்துக்கொண்டிருந்தவர்களை எண்ணி, வகை பிரித்து, காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

ஜமீலுன்னிசா அந்த வாரம் ஆறு எட்டுக்குப் போனாள், ஆறு பத்துக்குப் போனாள். முன்னால் வரலாம் என்றால் அதற்கு முன்னால் பஸ்ஸே கிடையாது. ஓடலாம் என்றால் முழங்கால் கிடையாது. வியாழக்கிழமை கேமரா பேசியது. "ஜமீலா, இன்னிக்கும் லேட். அப்பா பத்து நிமிஷம் தனியா இருந்திருக்கார்." அதில் பொய்யில்லை. பேச்சு போய்விட்ட அந்தப் பெரியவர், வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார், இவள் தலை தெரிந்த பிறகுதான் கண்ணை எடுப்பார். ரோட்டை மூடிவிட்டார்கள் என்று ஜமீலுன்னிசா சுவரைப் பார்த்துச் சொன்னாள். ரோட்டை எப்படி மூடுவார்கள் என்று கேட்டது சுவர். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிற ஏஜென்சியிலிருந்து, பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கிற ஒரு பெண் அவளுக்குப் பதிலாக வந்துவிட்டாள்.

"நான் சொன்னேனில்ல? கீறத வுடுன்னு சொன்னேனில்ல?" என்று பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினாள் ஜமீலுன்னிசா. "எங்கள எண்ணி எண்ணிக் காட்டிக் குடுத்துட்டியேமே!" அதன் பிறகு ஜமீலுன்னிசா பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அதே பகுதியில் ஓர் அடுக்கு மாடியில் படி துடைக்கிற வேலை கிடைத்திருந்தது. முழங்கால் போனவளுக்கு நாலு மாடிப் படி. பஸ் மாறவில்லை, சிக்னல் வரைக்குமான நடையும் மாறவில்லை.

மூன்று மாதம் கழித்து குருபிரசாத் கூப்பிட்டார். வேலி போட்ட பிறகு நிலைமை எப்படி என்று எண்ண வேண்டுமாம். "இந்த தடவை உங்க டைம்தான் அக்கா, அஞ்சே முக்கால்லேந்து ஏழே கால்!" என்றார் உற்சாகமாக. முன்னால் அவள் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால்தான் படம் எடுப்பாக வருமாம்.

போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போகாவிட்டால் டீக்கடைக் கணக்குக்காரன் ஒருவன் வந்து எழுதிவிடுவான். போய் உட்கார்ந்தாள். தாளில் இந்த முறை ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் சாலையைக் கடந்தவர்கள் எத்தனை பேர். ஆறு வரிசை, ஆறு கட்டம். அவள் வந்த பஸ்ஸுக்குப் பின்னால் அடுத்தடுத்து பஸ்கள் வந்தன, இறங்கினார்கள், வேலியை ஒட்டி ரோட்டிலேயே நடந்தார்கள். ஒரு சைக்கிள்காரர் பேப்பர்க் கட்டோடு எதிர்த்திசையில் போய், தண்ணீர் லாரிக்கு நூலிழையில் தப்பினார். அந்த இடத்தில் யாரும் கடக்கவில்லை. கடக்க முடியாது.

பூஜ்யம் என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் அவள் கை வரவில்லை. ஜமீலுன்னிசா ரோட்டோரமாகக் காலை இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, யாருமில்லை என்று எப்படி எழுதுவாள்? வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறு கட்டத்தையும் காலியாக விட்டாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "இந்த இடத்தில் கடக்க வழி இல்லை. 388 பேர் சிக்னல் வரைக்கும் ரோட்டில் நடந்து போகிறார்கள். நடைபாதையில் இடம் இல்லை. செண்பகம்." கையெழுத்தைப் போடும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலியாகக் கிடக்கிற கட்டத்தைப் பார்த்தால் எவனுக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றும், கேட்டால் திருப்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தாளின் முன்பக்கம் மட்டும் இயந்திரத்தில் போனது. காலிக் கட்டத்தை அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, விடிகாலைப் பஸ்ஸில் வரும்போது அவள் போனில் குருபிரசாத் அனுப்பிய படம் வந்து விழுந்தது. முதல் நாள் இரவே அனுப்பியிருந்தார். பளபளவென்று அச்சடித்த பக்கம். முன்பு 412, இப்போது 0. நூறு சதவீதப் பாதுகாப்பு. கீழே, அந்தத் திட்டத்துக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறது என்ற செய்தியும், கும்பிடுகிற இரண்டு கைகளும், 'எல்லாம் உங்களால்தான் அக்கா' என்ற ஒரு வரியும்.

செண்பகம் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்சீட்டுக்குப் போனாள். ஜமீலுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகம் போனை அவள் மடியில் வைத்தாள். எண்களை மட்டும் படிக்கத் தெரிந்த ஜமீலுன்னிசா கடைசி எண்ணின்மேல் விரல் வைத்தாள்.

"இது இன்னாது, முட்ட?"

"வேலி போட்டப்பறம் அந்த எடத்துல கடக்கறவங்களாம். யாரும் இல்லியாம்."

"அப்ப இதுல நானு கீறேனா?"

"நீயும் கீறே. நானூறு பேரும் அதுக்குள்ளதான் கீறாங்க."

ஜமீலுன்னிசா போனைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டுவாள் என்று செண்பகம் எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து, சீட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டாள். அடையாறு வந்ததும் இருவரும் இறங்கி, சிக்னலை நோக்கி நடந்தார்கள்.